களத்தைப் பார்த்து வண்டியை வாங்குங்கள்: சேலத்தில் ஆர்சி பந்தயத்துக்கு எது சரிப்படும்?

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ ஆலையின் களத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆர்சி, அதாவது ரேடியோ கண்ட்ரோலில் ஓடும் சின்ன கார்களின் பந்தயத்துக்குக் கூடுவோம். குச்சிக்கிழங்கு அரவை இல்லாத மாதங்களில், ஜவ்வரிசி காயப்போடுகிற அந்த சிமெண்ட் களம் சும்மாதான் கிடக்கும். ஆலைக்காரர் எங்களில் ஒருவருக்கு மாமா முறை என்பதால் கேட் சாவியைக் கொடுத்துவிடுவார். பழைய தண்ணீர்க் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டுப் பாதை அமைப்போம். ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும், மூட்டை கட்டிவிடுவோம்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கிளம்பும்போது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, நானும் ஓட்டணும். எந்த வண்டி வாங்கலாம்?" போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கும் ஒருவர், எட்டாவது படிக்கும் மகனோடு வந்தார். கருப்பூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் நான்கு பசங்கள் சேர்ந்து வந்தார்கள். மூன்றாவது, ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர். அவருக்கு நைட்ரோ இன்ஜின் (பேட்டரி மோட்டாருக்குப் பதில் எரிபொருளில் ஓடுவது) சத்தத்தின் மேல் அப்படி ஒரு ஆசை.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கடைவீதியில் ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் ரிமோட் கார்கள் இந்தக் கணக்கில் வராது. அவற்றில் ஸ்டியரிங் முழு இடது, முழு வலது என்று இரண்டே நிலைதான். ஒரு பல்சக்கரம் போனால் வண்டியே போய்விடும். பந்தயத்துக்கான வண்டியில் விரலை எவ்வளவு அசைக்கிறோமோ அவ்வளவுதான் சக்கரம் திரும்பும், மோட்டாரும் அதே போல. ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். இந்த இரண்டும் இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

## வண்டிக்கு முன்னால் கேட்க வேண்டியவை

எங்கே ஓட்டப் போகிறீர்கள்? மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். சேலத்தில் நமக்குக் கிடைக்கிற தரைகள் வேறுவேறு குணம் கொண்டவை. சேகோ களம் வழவழப்பான சிமெண்ட். ஆனால் மாவுத் தூசி படிந்திருந்தால் டயர் பிடிக்காது, முதலில் ஒரு முறை கூட்டித் தள்ள வேண்டும். பள்ளி, கல்லூரி மைதானங்கள் கெட்டி மண்ணும் பொடிக்கல்லும் கலந்தவை. கோடையில் வற்றிய ஏரிப்படுகை பார்க்க அகலமாக இருக்கும், கிட்டே போனால் வெடிப்பு விட்டிருக்கும். கருப்பூர்ப் பக்கம் போனால் வெள்ளைக்கல் மண். அந்த நுண்ணிய தூசி பேரிங்குக்குள் புகுந்துவிட்டால் இரண்டே வாரத்தில் சக்கரம் கரகரக்கும்.

மலையில் கதை வேறு. ஏற்காட்டுச் செம்மண் காய்ந்திருக்கும்போது பொடியாக வழுக்கும். லேசாக நனைந்தால் அருமையான பிடிப்பு. நன்றாக நனைந்துவிட்டால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி இரண்டு மடங்கு கனக்கும். எஸ்டேட்டுகளில் காபி காயவைக்கும் களங்கள் உண்டு. அறுவடை முடிந்து காபி காய்ந்த பிறகு அவை ஏறக்குறைய நம் சேகோ களம் மாதிரியே. நம் ஊரிலும் மலையிலும் பந்தயத்துக்கு வாய்த்த நல்ல தரை, காயப்போடும் களம்தான்.

கூட ஓட்டுகிறவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள்? தனியாக ஓட்டினால் அது பந்தயம் ஆகாது. 1/14 என்றால் நிஜ வண்டியின் பதினான்கில் ஒரு பங்கு அளவு. 1/14 வண்டியும் 1/8 வண்டியும் ஒரே பாதையில் ஓட முடியாது. மூன்றரைக் கிலோ வண்டி ஒரு கிலோ வண்டியை இடித்தால் சின்னது சிதறிவிடும். உங்கள் நண்பர்கள் நான்கு பேர் ஒரே மாதிரி வண்டி வைத்திருந்தால், அந்த வண்டி ஓரளவு சுமாராக இருந்தாலும் அதையே வாங்குங்கள். மோட்டாரும் பேட்டரியும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்போதுதான் யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது வெளியே தெரியும்.

உடைந்தால் பாகம் எத்தனை நாளில் கிடைக்கும்? உடையும். அதில் சந்தேகமே வேண்டாம். நான் முதலில் வாங்கியது பழைய 1/10 நான்கு சக்கர இழுவை பகி (சக்கரங்கள் வெளியே நீட்டியிருக்கும் வண்டி). விலை குறைவு என்று ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். மூன்றாவது வாரம் பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் ஒன்று உடைந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். விற்றவர் போனை எடுக்கவில்லை. தெரிந்த லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு ஆர்ம் கடைந்து வாங்கிப் போட்டேன். பட்டறைக்காரர் அவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தார். அடுத்த முறை இடித்தபோது ஆர்ம் உடையவில்லை, அது மாட்டியிருந்த கியர்பாக்ஸ் கூடே பிளந்துவிட்டது. பிளாஸ்டிக் ஆர்ம் உடைவது வண்டியைக் காப்பாற்றத்தான் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. மலிவான பாகம் முதலில் உடைய வேண்டும், அந்த மலிவான பாகம் கையிருப்பில் இருக்க வேண்டும்.

முதல் ஆண்டில் மொத்தம் எவ்வளவு? பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சார்ஜர், கூடுதல் பேட்டரி, டயர், உடையும் பாகங்கள் எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

கழற்றி மாட்டுவது உங்களுக்குப் பிடிக்குமா? ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரம் துடைத்து, கழற்றி, மாட்ட வேண்டியிருக்கும். சிலருக்கு அந்த நேரம்தான் சந்தோஷம். சிலருக்கு அது தண்டனை. இதில் சரி தவறு கிடையாது, உங்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

## ஒரே பார்வையில்

கீழே உள்ள தொகைகள் வண்டி, பேட்டரி, சார்ஜர், முதல் ஆண்டு உதிரி பாகம் எல்லாம் சேர்ந்த என் தோராயக் கணக்கு. விலை அடிக்கடி மாறுகிறது. ஒன்றுக்கு இன்னொன்று எத்தனை மடங்கு என்று பார்க்க இதைப் பயன்படுத்துங்கள்.

| | 1/14 சின்ன பகி | 1/10 டூரிங் கார் | 1/10 ஷார்ட் கோர்ஸ் டிரக் | 1/8 நைட்ரோ பகி |
|---|---|---|---|---|
| ஏற்ற தரை | சிமெண்ட், கெட்டி மண் | சிமெண்ட், தார் மட்டும் | மண், பொடிக்கல், சிமெண்டிலும் ஓடும் | அகலமான மண் மைதானம் |
| முதல் ஆண்டுச் செலவு | 15,000 ரூபாய் | 35,000 முதல் 40,000 | 40,000 முதல் 45,000 | 80,000க்கு மேல் |
| ஒரு முறை ஓடும் நேரம் | 10 நிமிடம் | 15 நிமிடம் | 15 முதல் 20 நிமிடம் | ஒரு டேங்குக்கு 8 நிமிடம் |
| அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு | இல்லை | இல்லை | தூசி | சத்தம், புகை |
| கற்றுத் தருவது | வளைவும் கோடும் | செட்டிங் | ஆக்ஸிலரேட்டர் விரல் | இன்ஜின் |

## 1/14 சின்ன பகி

டபிள்யூஎல்டாய்ஸ் 144001 என்ற வண்டியை இந்த வகைக்கு உதாரணமாகச் சொல்லலாம். நான்கு சக்கர இழுவை, உலோக அடித்தட்டு, 550 அளவு பிரஷ் மோட்டார், இரண்டு செல் பேட்டரி. பெட்டியைத் திறந்து சார்ஜ் போட்டால் அன்றைக்கே ஓட்டிவிடலாம். எங்கள் களத்தில் இப்போது இதே அளவில் ஐந்து வண்டிகள் ஓடுகின்றன. ஐந்தும் ஒன்றையொன்று ஒட்டி வளைவில் திரும்புவதைப் பார்க்கும் சுகம், அறுபதாயிரம் ரூபாய் வண்டி தனியாக ஓடும்போது வராது.

மறைந்திருக்கும் செலவு எங்கே? கூடவே வரும் பேட்டரி ஒன்று போதாது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு மணி நேரம் சார்ஜுக்குக் காத்திருந்தால் பையன் அடுத்த வாரம் வர மாட்டான். இன்னும் இரண்டு பேட்டரி சேர்த்தே கணக்குப் போடுங்கள். அப்புறம், இந்த அளவு வண்டிகளில் பலவற்றில் ரிசீவரும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் ஒரே பலகையில் இருக்கும். ஒன்று போனால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். வளைவில் இரு பக்கச் சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுழல உதவும் டிஃப்ரன்ஷியலின் பல்லும் டிரைவ் ஷாஃப்டும் தேயும், அவற்றில் ஒரு ஜோடியை வண்டியோடு சேர்த்தே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

சக்கரம் சின்னது. பாக்களவு கல் கிடந்தாலும் வண்டி எகிறும், புல்லில் சிக்கும். ஏரிப்படுகை வெடிப்பில் சக்கரம் இறங்கினால் ஆர்ம் கையோடு வரும். தரை ஓரளவு சமமாக இருந்து, கூட ஓட்ட இரண்டு மூன்று பேர் இதே வண்டி வாங்கத் தயாராக இருந்தால், முதல் வண்டிக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை.

## 1/10 டூரிங் கார்

சமமான தரைக்கென்றே செய்த, சாலைக் கார் வடிவ வண்டி இது. நான் இப்போது ஓட்டுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் டாமியா நிறுவனம் தன் முதல் ரேடியோ கண்ட்ரோல் காரை, ஒரு போர்ஷ 934-ஐ, 1976-ல் வெளியிட்டது. பாகங்களாகப் பெட்டியில் வரும், நாமே கட்ட வேண்டும். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. 2013-ல் வந்த டிடி-02 அடித்தட்டில் இன்றைக்கும் புதுப்புது பாடி போட்டு விற்கிறார்கள். ஷாஃப்ட் இழுவை, நான்கு சக்கரமும் சுழலும், முன்னும் பின்னும் கியர் டிஃப்ரன்ஷியல். எளிமையான வண்டி. ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்தால் கட்டிவிடலாம். கட்டி முடிக்கும்போது எந்தத் திருகாணி எதைப் பிடித்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். பின்னால் ஏதாவது உடைந்தால் பயமே இருக்காது.

பெட்டியில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பது முக்கியம். பெரும்பாலும் 540 மோட்டாரும் ஈஎஸ்சியும் இருக்கும். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் கருவி), பேட்டரி, சார்ஜர் எதுவும் இருக்காது. பாடி பளபளவென்று கண்ணாடி மாதிரி வரும், பெயிண்ட் உள்பக்கமாக அடிக்க வேண்டும். அதற்கென்றே பாலிகார்பனேட் பெயிண்ட் உண்டு. ஹார்டுவேர் கடை எனாமலை அடித்தால் முதல் இடியிலேயே செதில் செதிலாக உரியும். திருகாணிகள் ஜப்பானிய அளவு. நம் ஊர் ஸ்டார் ஸ்குரூ டிரைவர் அதில் சரியாக உட்காராமல் தலையைத் தேய்த்துவிடும். நல்ல ஸ்குரூ டிரைவர் ஒன்று வாங்குவதையும் செலவில் சேருங்கள்.

சாதாரண டிடி-02 கிட்டில் சக்கரங்களுக்கு பேரிங்குக்குப் பதில் புஷ் (உள்ளே குண்டு இல்லாத வெறும் வளையம்) வரும், ஷாக்கில் எண்ணெய் இருக்காது. முதல் மாற்றம் பேரிங். இதைக் கட்டும்போதே செய்துவிட்டால் மறுபடி முழுவதும் பிரிக்க வேண்டாம். இரண்டாவது எண்ணெய் ஷாக். இந்த இரண்டுக்கும் பிறகுதான் மோட்டாரைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆனால் எல்லோரும் முதலில் மோட்டாரைத்தான் மாற்றுகிறார்கள். வேகம் கூடும், வண்டி வளைவில் நிற்காது, குழாய் வேலியில் போய் மோதும்.

பந்தயத்துக்கு பிரஷ்லெஸ் மோட்டார் (உள்ளே கார்பன் பிரஷ் இல்லாதது) போட விரும்பினால் அதன் கம்பிச் சுற்று எண்ணைப் பாருங்கள்: 21.5, 17.5, 13.5 என்று வரும். எண் குறையக் குறைய வேகம் கூடும். முதலில் 21.5 போதும். எங்கள் களத்து நேர்ப்பாதை அறுபது அடிதான், அதில் 13.5-ஐ முழுதாக அமுக்கவே இடம் இல்லை.

டயர்தான் இந்த வகையின் பெரிய செலவு. சிமெண்ட் களம் ரப்பரை அரம் மாதிரி தேய்க்கும். ரப்பர் டயரில் 32, 36, 40 என்று எண் போட்டிருக்கும். எண் கூடினால் ரப்பர் கடினம், சூடான தரைக்கு ஏற்றது. சேலத்தின் மார்ச் முதல் ஜூன் வரைக்கும் 36-க்குக் கீழே நான் போவதில்லை. மலைக் களத்தில் காலைக் குளிரில் அதே டயர் பலகை மாதிரி வழுக்கும், அங்கே 32 சரியாக இருக்கும்.

இதன் எல்லை தெளிவானது. அடித்தட்டுக்கும் தரைக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். மண்ணில் ஒரு நிமிடம் ஓட்டினாலும் பொடிக்கல் உள்ளே போய்ப் பல்லைக் கடிக்கும். சிமெண்ட் களம் நிச்சயமாகக் கிடைக்கும் என்றால் மட்டும் வாங்குங்கள். அரவை சீசன் தொடங்கியதும் எங்கள் களம் பல மாதம் போய்விடுகிறது. அந்த மாதங்களில் என் டூரிங் கார் அலமாரியில்தான் இருக்கிறது, அது எனக்கு வருத்தம்தான்.

## 1/10 ஷார்ட் கோர்ஸ் டிரக்

அமெரிக்கப் பாலைவனத்தில் ஓடும் பந்தய டிரக்குகளைப் பார்த்துச் செய்த வகை இது. டிராக்ஸஸ் நிறுவனம் 2008-ல் ஸ்லாஷ் என்ற வண்டியைக் கொண்டுவந்த பிறகு பெரிதாகப் பரவியது. பின்சக்கர இழுவை, முன்னும் பின்னும் அகலமான பம்பர், நான்கு சக்கரத்தையும் மூடும் பாடி.

அந்தப் பாடி அழகுக்கு மட்டும் இல்லை. பகியில் சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வண்டிகள் பக்கத்தில் வந்தால் சக்கரமும் சக்கரமும் கொக்கி போட்டு இரண்டும் குட்டிக்கரணம் போடும். டிரக்கில் பாடியும் பாடியும் உரசிவிட்டு விலகிவிடும். கற்றுக்கொள்கிறவர்கள் ஆறு பேர் ஒன்றாக ஓட்டும் இடத்தில் இது பெரிய நிம்மதி. ஒரு குறை, தாவும்போது அந்தப் பெரிய பாடிக்குள் காற்று புகுந்து குடை மாதிரி தூக்கும். பாடியின் பின்பக்கத்தில் சில ஓட்டைகள் வெட்டி விடுவார்கள்.

பின்சக்கர இழுவை என்பதால் பொடிமண்ணில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அமுக்கினால் பின்பக்கம் சுழன்றுவிடும். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். இரண்டாவது மாதம் விரல் தானாக மெதுவாகும். இதில் பழகிய ஒருவர் நான்கு சக்கர இழுவைக்கு மாறினால் உடனே வேகமாகிவிடுவதை நான் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். மறுபக்கமாக மாறுகிறவர்கள் திணறுகிறார்கள்.

சேலத்துக்கு இதன் பலம், எந்தத் தரையிலும் ஓடும் என்பதே. கல்லூரி மைதானம், அடிவாரத்துக் காலிமனை, ஏற்காட்டுச் செம்மண், அவசரத்துக்கு சேகோ களமும்கூட. ஆண்டு முழுக்க ஓட்டலாம். செலவு தூசியில் ஒளிந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேரிங், ஷாக் எண்ணெய், டிஃப்ரன்ஷியல் எண்ணெய் பார்க்க வேண்டும். ஓட்டி முடித்ததும் பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, கம்ப்ரஸர் கிடைத்தால் ஊதிவிடுங்கள். செம்மண் ஈரமாக இருக்கும்போது கழுவக் கூடாது. காயவிட்டுத் தட்டினால் தானாக உதிரும்.

## 1/8 நைட்ரோ பகி

ஏற்காட்டுத் தம்பியின் ஆசை எனக்குப் புரிகிறது. 3.5 சிசி இன்ஜின் முழு வேகத்தில் கத்திக்கொண்டு மேட்டைத் தாவுவதை ஒரு முறை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த வகையில் பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்று அரை மணிக்கு மேல் போகும், உலகப் போட்டியில் ஒரு மணி நேரம். நடுவில் வண்டியை உள்ளே கொண்டுவந்து எரிபொருள் நிரப்ப வேண்டும். அதற்கு ஒரு ஆள் தனியாக வேண்டும். நிஜப் பந்தயத்துக்கு இதைவிட நெருங்கிய ஆர்சி வகை இல்லை.

ஆனால் முதல் வண்டியாக இதை வாங்க வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். எரிபொருள் பெட்ரோல் இல்லை. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்தது. சாதாரண கூரியரில் அனுப்ப மாட்டார்கள், பெரிய நகரத்துக்குப் போய் வாங்கி வருவதே பாதி வேலை. டேங்க் 125 மில்லி, அதனால் ஒரு லிட்டர் எட்டு முறை நிரப்புவதற்குள் தீர்ந்துவிடும். புது இன்ஜினைப் பழக்கவே ஆறேழு டேங்க் மெதுவாக ஓட்ட வேண்டும். எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக், அதைச் சூடாக்கும் கருவி, காற்று வடிகட்டி எண்ணெய், ஓடி முடித்தபின் இன்ஜினுக்குள் விடும் எண்ணெய் என்று சில்லறைச் செலவுகள் நிற்காது. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். மலை மூடுபனியில் அந்தக் கடைசி எண்ணெயை விட மறந்தால் அடுத்த வாரம் பேரிங்கில் துரு இருக்கும்.

உயரமும் ஒரு கணக்கு. சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கீழே சரியாக வைத்த கார்புரேட்டர் ஊசி (எரிபொருள் அளவை வைக்கும் திருகு) மேலே போனால் எரிபொருளை அதிகமாக விடும், இன்ஜின் புகை கக்கிக்கொண்டு மந்தமாக ஓடும். ஊசியைக் கொஞ்சம் உள்ளே திருக வேண்டும். அதே வண்டியைத் திரும்பக் கீழே கொண்டுவந்து ஊசியை வெளியே திருக மறந்தால், சேலம் வெயிலில் எண்ணெய் போதாமல் பிஸ்டன் இறுகிவிடும். அதைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கற்றால் ஒரு இன்ஜின் விலை போகும். பேட்டரி வண்டிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. மலைக் குளிரில் மோட்டார் இன்னும் சந்தோஷமாக ஓடும்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலைத் தோட்டங்களுக்குள் காட்டெருமை வருகிறது. காட்டை ஒட்டிய இடத்தில் இந்த இன்ஜினை அலறவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1/8 அளவுதான் வேண்டும் என்றால் அதே பகியின் பேட்டரி வகை இருக்கிறது, நான்கு செல் லைப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஓடும். வேகத்தில் குறைவில்லை, சத்தம் மட்டும் இல்லை.

மூன்று ஆண்டு ஓட்டியவர், எரிபொருளுக்கு வழி தெரிந்தவர், ஊசி திருகத் தெரிந்த நண்பர் உள்ளவர், ஊருக்கு வெளியே பெரிய மைதானம் கிடைத்தவர் வாங்கலாம். அப்படி ஒருவர் என்னை அழைத்தால் எரிபொருள் நிரப்பும் ஆளாக நான் நிச்சயம் வருவேன்.

## மற்றவை, சுருக்கமாக

டிரிஃப்ட் கார் களத்துக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் அதில் நடை அழகுக்குத்தான் மதிப்பு, முந்துவதற்கு இல்லை. கிராலர் என்ற பாறை ஏறும் வண்டிக்கு ஏற்காடு சொர்க்கம், ஒரு மணி நேரம் நிதானமாக ஓட்டலாம், அதுவும் பந்தயம் இல்லை. கியோஷோவின் மினி-இசட் போன்ற 1/28 வண்டிகள் ஒரு ஹாலுக்குள்ளேயே ஓடும். மழைக்காலத்துக்கு நல்லது, ஆனால் வழுவழு தரையும் ஃபோம் விரிப்பும் வேண்டும்.

## எந்த வண்டிக்கும் பொதுவான செலவு

சார்ஜரில் மிச்சம் பிடிக்காதீர்கள். லைப்போ பேட்டரிக்கு ஒவ்வொரு செல்லையும் தனியாகச் சமன் செய்யும் சார்ஜர் வேண்டும். செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, 3.2-க்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. ஒரு வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் 3.8-ல் வைத்துவிடுங்கள். முழு சார்ஜ் போட்ட பேட்டரியை மே மாதம் கார் டிக்கியில் போட்டுவிட்டு டீக்கடையில் உட்காராதீர்கள், தீப்பிடிக்கலாம். சார்ஜ் போடும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், மரக்கட்டில் மேல் வைக்கக் கூடாது. சின்னப் பையன் ஓட்டுகிறான், இதையெல்லாம் கவனிக்க ஆள் இல்லை என்றால் நிக்கல் பேட்டரியில் ஓடும் வண்டியே போதும். கொஞ்சம் மந்தம், ஆனால் முரட்டுத்தனமான கவனக்குறைவையும் தாங்கும்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமே என்று பசங்கள் கேட்டார்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. உங்கள் பெட்டியைப் பொம்மை என்று எழுதிவிட்டால் அந்தக் கணக்குத்தான். ரேடியோ உள்ள பெட்டி சுங்கத்தில் நிற்கவும் வாய்ப்பு உண்டு. இந்தியாவிலேயே இருப்பு வைத்து விற்கும் கடையில் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதுதான் கடைசியில் மலிவு, உதிரி பாகத்துக்கும் அதே கடைக்குப் போகலாம்.

எந்த வண்டியாக இருந்தாலும் முதல் நாளே ஒரு சோதனை. வண்டியைச் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, மோட்டாரை லேசாகச் சுழலவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு) சரியாக வைக்கப்படவில்லை, அதைச் சரிசெய்யாமல் களத்தில் இறக்க வேண்டாம்.

## அந்த மூன்று பேருக்கு

அம்மாபேட்டைக்காரரிடம் 1/14 சொன்னேன். எங்களோடு ஓட ஏற்கெனவே ஐந்து வண்டிகள் இருக்கின்றன, பையனுக்கு முதல் நாளிலிருந்தே போட்டி கிடைக்கும். வண்டிக்கு ஆகும் பணத்தைவிட இரண்டாவது, மூன்றாவது பேட்டரிக்கு யோசிக்கிறார். அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கருப்பூர் பசங்கள் நான்கு பேருக்கும் டூரிங் மேல் கண். அவர்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கும் தரை கல்லூரி மைதானம். அதனால் நான்கு பேரும் சேர்ந்து இரண்டு ஷார்ட் கோர்ஸ் டிரக் வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுங்கள் என்றேன். இரண்டும் ஒரே மாடலாக இருந்தால் உதிரி பாகத்தை ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டுத் தம்பி நைட்ரோவை விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன், தள்ளி வைத்திருக்கிறார். இப்போதைக்கு டூரிங். அவர்கள் எஸ்டேட் களம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, அது அவருக்குக் கிடைத்த வரம். வரும் பிப்ரவரியில் காபி காய்ந்து முடிந்ததும் எங்களையும் மேலே வரச் சொல்லியிருக்கிறார். போட்டோ அனுப்பினார். களத்தின் கிழக்குப் பக்கம் சுவர் இல்லை, கீழே பத்தடி ஆழத்தில் காபிச் செடிகள். அந்தப் பக்கம் முழுக்க மண் நிரப்பிய சாக்குகளை இரண்டு வரிசை அடுக்கச் சொல்லியிருக்கிறேன்.